பத்து அஞ்சுக்கு ஒரு கையெழுத்து

காப்பி ஆகிட்டிருக்கு சார். நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் சீக்கிரம் ஆகிடாது, உக்காருங்க. உங்க பேச்சு பதினொண்ணுக்குத்தான்.

டெக்னீஷியனா? நான்தான் சார். இந்த சைபர் தடயவியல் மாநாட்டுல பேச வர்றவங்களோட ஸ்லைட வாங்கி மேடை கம்ப்யூட்டர்ல ஏத்துறது என் வேல. பொண்ணா இருக்கேன்னு பாக்காதீங்க, உள்ள ஆம்பள யாரும் ஒளிஞ்சிருக்கல.

ஒண்ணு சொல்லட்டா? முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட பென் டிரைவ் குடுக்காதீங்கன்னு போன வருஷம் இதே மேடையில பேசினது நீங்கதான். இன்னிக்கு என் மொகத்தக்கூட பாக்காம நீட்டிட்டீங்க.

சிரிக்கல சார். எனக்கு அவ்வளவா சிரிக்க வராது.

இந்தாங்க, இதுல ஒரு கையெழுத்து. ஒப்படைப்புப் படிவம். யாரு குடுத்தது, யாரு வாங்கினது, எத்தன மணிக்கு. குடுத்தப்புறம் யாரும் கை வைக்கலன்னு காட்டுறதுக்கு. இந்த வழக்கத்த கமிட்டியில கொண்டு வந்ததே நீங்கன்னு சொன்னாங்க. பத்து அஞ்சுன்னு எழுதிக்கிறேன், சரிதான? நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்புறம் ஞாபகம் இல்லன்னுடக் கூடாது.

ஆமா, திறந்து பாத்தேன். எழுத்து உடையுதான்னு ஒவ்வொரு ஸ்லைடா பாக்கணும்ல. ஒம்பதாவது ஸ்லைடு ரொம்ப நல்லா இருக்கு சார். ஒருத்தரோட லேப்டாப்ப கைப்பத்தினா படிவத்த எப்படி நிரப்பணும்னு மாதிரிக்குப் போட்டிருக்கீங்க. நெசமா நடந்த கேஸோட படிவம். லேப்டாப்காரர் பேரு மேல கருப்புப் பட்டை. கம்பெனி பேரு மேல கருப்புப் பட்டை. மேனேஜர் கையெழுத்து மேலயும். லேப்டாப் நம்பர் மேலயும் நேரத்து மேலயும் மட்டும் இல்ல. காலையில ஒம்பதே கால்.

பதினாலாவது ஸ்லைடும் அதே கேஸ்தான? அந்த ஆளு கம்பெனி மெஷின் வரைபடங்களத் திருட்டுத்தனமா திறந்தாருன்னு புடிச்சீங்களே. கடைசியா திறந்த நேரம் அதே நாள் பத்து நாப்பத்திரெண்டு. செவப்பு வட்டம் வேற போட்டிருக்கீங்க.

ஒம்பதே காலுக்கு லேப்டாப் உங்க கைக்கு வந்தாச்சு. பத்து நாப்பத்திரெண்டுக்கு அதத் திறந்தது யாரு சார்?

இருங்க, நானே சொல்றேன். மொதல்ல அதுல எதுவும் பதியாம தடுக்குற கருவிய மாட்டணும், பிரதி எடுக்கணும், பிரதியிலதான் தேடணும். காலேஜுல ரெண்டாம் வருஷத்துலயே எங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டாங்க. நீங்க சும்மா ஒரு தடவ எட்டிப் பாத்துடுவோம்னு நேரா ஆன் பண்ணி, ஃபைலத் திறந்திருக்கீங்க. உங்க விரல் பட்ட நேரம் அவர் தலையில விழுந்துச்சு.

கத்தாதீங்க சார். கதவு லேசு, பக்கத்துலதான் டீ குடிக்கிறாங்க.

தப்பு பண்ணாத ஆளு யாரு. தப்போட நின்னிருந்தா நானும் விட்டிருப்பேன். விசாரணையில என்ன சொன்னீங்க? லேப்டாப் மதியம் பன்னெண்டுக்குத்தான் கைக்கு வந்துச்சு, அதுவரைக்கும் அவர்கிட்டதான் இருந்துச்சுன்னீங்க. அவரு தலையால அடிச்சுக்கிட்டாரு, ஒம்பதரைக்கே என்னைய கம்பெனி கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்கன்னு. யாரு கேட்டா? மேனேஜருக்கு நேரம் ஞாபகம் இல்லயாம். படிவத்தக் காட்டுங்கன்னா அது தொலைஞ்சு போச்சுன்னீங்க. அவரு வக்கீல்கிட்டேருந்து மூணு தடவ கடிதம் வந்துச்சே உங்களுக்கு, பதிவுத் தபால்ல. ஒண்ணுக்காவது பதில் போட்டீங்களா?

நாலு வருஷமாச்சு. வேல கேட்டுப் போற எடத்துல எல்லாம் இவரு போறதுக்கு முன்னாடியே திருடன்ங்கிற அந்தப் பேரு போய் நிக்குது. மெஷின் வரைஞ்ச கை இப்ப பள்ளிக்கூட வேன் ஓட்டுது. அடுத்த வாரம் மேல்முறையீட்டுல கடைசி வாய்தா. அந்தப் படிவம் இல்லன்னா அதோட முடிஞ்சுது.

தொலைஞ்ச படிவம், பாருங்க, உங்க ஒம்பதாவது ஸ்லைடுல பத்திரமா இருக்கு. முறையான ஆவணத்துக்கு ஒரு எடுத்துக்காட்டுன்னு தலைப்பு வேற.

எப்படித் தெரியுமா? உங்க அறிக்கைய வரி வரியா படிச்சேன் சார். முப்பத்தெட்டு பக்கம். படிவத்துல இருக்குற அதே லேப்டாப் நம்பர் அதுலயும் இருக்கு. மொதல்ல ஒண்ணும் புரியல. புரியணும்னே இந்தப் படிப்புல சேந்தேன். வீட்டுல கூட நான் பேசுறது கம்மி. உங்ககிட்டதான் இவ்வளவு பேசியிருக்கேன்.

எடுக்கணுமா, அந்த ரெண்டு ஸ்லைடையுமா? முடியாதே. ஒப்படைச்சப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது, உங்க விதிதான். கையெழுத்து காயக்கூட இல்ல. எடுத்தாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. போன வாரம் நீங்க அனுப்பின கட்டுரையில ரெண்டு படமும் இருந்துச்சு. மாநாட்டு மலர்ல முப்பத்தொண்ணாம் பக்கம், பளபளன்னு வந்திருக்கு. வெளிய மேசையில நானூறு பை அடுக்கியிருக்கு, எல்லாத்துலயும் ஒண்ணு இருக்கு. அச்சுப்பிழை பாத்தது நான்தான். ஒரு பிழையும் இல்ல. வக்கீலுக்கு ஒரு பிரதி முந்தாநாளே போயிடுச்சு.

காப்பி ஆயிடுச்சு. இந்தாங்க உங்க பென் டிரைவ்.

கேள்வி நேரத்துல மைக் எடுத்துட்டுப் போறதும் நான்தான் சார். மொதல்ல மூணாவது வரிசை ஓரத்துக்குப் போவேன். நீலச் சட்டை. கொஞ்சம் திக்குவாரு, பொறுத்துக்கங்க. கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்ல, எங்க வீட்டுல யாருக்குமே இல்ல. எங்கண்ணன்.

உங்க அட்டை திரும்பிக் கெடக்கு பாருங்க. நேரா போட்டுக்கங்க சார். மேடையில பேரு தெரியணும்.