கேட்டால் சொல்லியிருப்பேன்

ஈரமான படுக்கை விரிப்பு எவ்வளவு கனம் என்பது அதைத் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும், ஐயா. எங்கள் சலவை ஆலைக்கு தினமும் நான்கு மருத்துவமனைகளின் விரிப்புகள் வரும். துவைத்து முடிந்ததும் அவை டிரம்முக்குள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். பாதி உடம்பை உள்ளே விட்டுத்தான் இழுக்க வேண்டும்.

முதல் ஷிப்டுக்கு நான் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடம். மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் வரும். வருகிறவர் என் மேஜைக்கு முன்னால் வந்து, "அண்ணே, ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பார். எந்த இயந்திரம் என்ன முரண்டு பிடிக்கிறது என்று நான் சொல்வேன். கேட்காமல் நானாகப் போய்ச் சொன்னதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். நான் வைத்த வழக்கம்.

இரண்டாம் ஷிப்டுக்கு மேற்பார்வையாளராக அந்தப் பெண் வந்தாள். இருபத்தாறு வயது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வந்த முதல் வாரமே சுவரில் ஆணி அடித்து ஒரு நோட்டை மாட்டினாள். எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், நீங்கள் லீவு போட்டாலும் வேலை நிற்காது சார் என்றாள். மேனேஜருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நானும் எட்டு மாதம் ஒழுங்காக எழுதினேன். அவளுக்கு 'நோட்டுக்காரி' என்று பெயர் வைத்ததைத் தவிர வேறு எந்தக் குறும்பும் செய்யவில்லை.

ஆனால் என் மேஜைக்கு முன்னால் ஆள் நிற்பது நின்றுபோனது. என் ஷிப்டில் இருந்த பிள்ளைகளும் நோட்டைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். லீவு என்றால் போனில் ஒரு வரி வரும். விடுமுறை நாளில் வரச் சொன்னால், "முடியாதுண்ணே" என்று நேராகவே சொல்வார்கள். நாங்களெல்லாம் செத்துப்போன பெரியப்பாவை இன்னொரு முறை சாகடித்தாவது மரியாதையாக லீவு கேட்டவர்கள். எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை மூன்றாம் இயந்திரத்தில் கதவு சுவிட்ச் சிக்கிக்கொண்டது. கதவு திறந்திருந்தால் டிரம் சுற்றாமல் தடுப்பது அந்தச் சுவிட்ச்தான். அது சிக்கினால் கதவு மூடியிருப்பதாக நினைத்து, இயந்திரம் திடீரென்று சுற்ற ஆரம்பித்துவிடும். மெயினை அணைத்துவிட்டுக் கையை விட்டால் ஒரு ஆபத்தும் இல்லை. என் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாயால் சொன்னேன். மெக்கானிக்குக்கும் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. தேதியும் கையெழுத்தும் மட்டும் போட்டேன். பொய்யாக ஒரு எழுத்து எழுதவில்லை, நீங்களே பார்க்கலாம்.

பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். கை கொஞ்சம் நசுங்கும், நோட்டு குப்பைக்குப் போகும், மறுபடியும் வந்து கேட்பார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கு அந்த மூன்றாம் இயந்திரத்துக்குள் ஒரு விரிப்பு சிக்கியிருக்கிறது. பையன்களை விலகச் சொல்லிவிட்டு அவளே குனிந்து இழுத்திருக்கிறாள். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டித்தான் போனது. மருத்துவமனை வாசலைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கம்பெனி அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். 'முந்தைய ஷிப்டிடம் எதையும் விசாரிக்காமல் வேலையைத் தொடங்கியுள்ளார்' என்று போட்டிருக்கிறார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது. சனிக்கிழமை அவளுடைய அப்பா பையை வாங்க வரும்வரை.

ஒரு குடை, ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார். யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டா. உங்ககிட்ட கேட்டிருந்தா எம்பொண்ணு உசுரோட இருந்திருப்பா, இல்ல?"

ஆமாம் என்றேன். அவர் அழுதுகொண்டே மகளைத் திட்டினார். நான் தண்ணீர் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஐயா, அவள் கேட்டாள். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நோட்டைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"அண்ணே, நாலு நாளா ஒண்ணுமே எழுதலையே. மிஷின்ல ஏதாச்சும் பிரச்சனை உண்டா?"

அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். நான் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. நீ போய் வேலையப் பாரு."

எட்டு மாதம் என்னைக் காக்க வைத்தவள் அவள். ஒரு நாள் வந்து, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், போகிற போக்கில் கேட்டாள். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது அல்லவா, ஐயா.