பூசணம் பிடிக்காத ரொட்டி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், காஜா பெராங் நிறுத்தத்தில் உஜோங் பாசிர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் மகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண், பக்கத்து வரிசையிலிருந்த ரொட்டிக் கடைத் தொழிலாளியிடம் கேட்டாள்.

“உங்க கடையில வாங்கி நாலு நாளாச்சுண்ணே. பூசணமே திங்காத ரொட்டிய எம்புள்ள எப்படித் திங்கும்?”

“மாவுல ஒரு பவுடர் போடுறோம்மா. அதான் பூசணம் பிடிக்கல.”

“விஷமா?”

“இல்லம்மா. அளவாப் போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு எங்க மொதலாளி தவுக்கே சொன்னாரு. எனக்கும் மொதல்ல பயந்தான்.”

“போன மாசம் வேற ரொட்டியில பூசணம் பிடிச்சது தெரியாம குடுத்துட்டேன். புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தா. இப்ப எதைக் குடுக்கவும் பயமா இருக்குண்ணே.”

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“என் பொஞ்சாதி முழுகாம இருக்கா. காலையில அவ வயித்துல தங்குறது இந்த ரொட்டி மட்டுந்தான். நாந்தான் எடுத்துட்டுப் போறேன்.”

சிறுமி பசிக்கிறது என்று சிணுங்கினாள். அந்தப் பெண் கூடையிலிருந்த அந்த ரொட்டியைப் பிய்த்து முதலில் தான் தின்றாள். ஆற்றுப் பாலம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் வாயில் ஒரு சின்னத் துண்டை வைத்தாள்.

அந்தத் தொழிலாளியும் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.