எது உங்கட ஊர்?

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, தர்மபுரத்துப் பெற்றோர்களே, முன்னால் பாயில் இருக்கும் எங்கள் சிறுவர்களே, வணக்கம்.

மறைந்த ஆசிரியை திருமதி விமலேஸ்வரி யோகலிங்கம் அவர்களின் பக்கத்து வகுப்பில் படிப்பித்தவன் நான். நடுவில் ஒரு தட்டி மாத்திரமே. சத்தம் கேட்டால் வகுப்பு உள்ளே நடக்கிறது. கேட்காவிட்டால் வெளியே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அநேகமாகக் கேட்காது.

ஏன் வெளியே போனார்? வந்த புதிதில் இரண்டாம் வகுப்பில், "எது உங்கட ஊர்?" என்று கேட்டாராம். ஒரு பிள்ளை கரவெட்டி என்றது, ஒன்று புங்குடுதீவு என்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இந்தத் தர்மபுரத்தை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

"அது அப்பாவின்ர ஊர். நீர் எங்கை பிறந்தனீர்?" என்று வீரகத்தியரின் மகள் அருந்ததியை மடக்கப் பார்த்தார்.

"ஊரிலைதான் ரீச்சர். அம்மா பிள்ளைப்பெறுவுக்கு அம்மம்மா வீட்டை போனவா."

ரீச்சர் தோற்றுப்போனார். நம் தாய்மார் எல்லோரும் பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போய்வந்தவர்கள் அல்லவா? பிறகு வேறு மாதிரிக் கேட்டார். "எந்த வாய்க்காலிலை குளிக்கிறனீர்?" அதற்கு வகுப்பே பதில் சொன்னது. அன்றே புறப்பட்டுவிட்டார்கள்.

வாய்க்காலோடு மதகு வரை நடந்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று வேப்பிலை போட்டுப் பார்த்தார்கள். திரும்பிவந்து முற்றத்து மணலில் குளம், காடு, வயல், தங்கள் தங்கள் வீடு எல்லாம் கீறினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகப் பழகினார்கள்.

வீரகத்தியர் சண்டைக்கு வந்தார். "வாய்க்கால் பாக்கவே பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டனாங்கள்? அது எங்கட வளவுக்குப் பின்னாலையே ஓடுது."

"அது எங்கையிருந்து வருகுதெண்டு பிள்ளையைக் கேளுங்கோ," என்றார் ரீச்சர். அருந்ததி தகப்பனின் கையைப் பிடித்துப் படத்தைச் சுற்றிக் காட்டினாள். அதன்பிறகு அவர் சண்டைக்கு வரவில்லை. இதோ, சிரிக்கிறார்.

போன கிழமை காய்ச்சல் ரீச்சரைக் கொண்டுபோய்விட்டது. தமையனார் மயில்வாகனம் அவர்கள் லொறியோடு வந்தார். "தங்கச்சியை ஊருக்குக் கொண்டுபோவம்" என்றார். கணவர் யோகலிங்கம் அண்ணரும் தடுக்கவில்லை. எங்களுக்கும் தடுக்க என்ன உரிமை? செத்தவர்களை யாழ்ப்பாணத்து ஊருக்குக் கொண்டுபோவதுதானே எங்கள் வழக்கம்?

அருந்ததிதான் கேட்டாள். "ரீச்சர் ஊரிலைதானே இருக்கிறா. பிறகு எங்கை கொண்டுபோறியள்?"

 மயில்வாகனம் அவர்கள் லொறியைத் திருப்பி அனுப்பினார். வாய்க்கால் கரையோடு நாங்கள் எல்லோரும் இங்கத்தைச் சுடலைக்கு நடந்துபோய் ரீச்சரை வழியனுப்பினோம். துக்கம் இருந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு நிறைவும் இருந்தது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இந்தச் சபையில் ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பு வெளியே போகும். நான் கூட்டிப்போவேன். மணற்படத்தில் இனிச் சுடலையையும் கீறுவோம். இவ்வளவு காலமும் சுடலை இல்லாத ஊராகத்தான் தர்மபுரத்தைக் கீறிவந்தோம்.