கிணற்றுப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை

ஒரு கையில் பெட்ரோல் குழாய், மறு கையில் பாதி கடித்த சாசேஜ் ரோல். டேங்க் நிரம்பும் மூன்று நிமிடத்துக்குக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. கார் கதவை முழங்காலால் தள்ளித் திறந்து, உள்ளே கிடந்த காலி டப்பாக்களைக் காலாலேயே ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணி. சிமென்ட் தரையில் சாஸ் சொட்டியது. அதைத் துடைத்தவன் நான்தான், சார்ஜென்ட். குறையாகச் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், முதல் இதுதான்.

ரோவெனா ஃபிட்ச், வயது முப்பத்து நாலு, அடிலெய்டில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ரேடியோவில் கேட்டிருக்கிறாள்: பேரன் டவுன்ஸ் என்ற ஆட்டுப் பண்ணையில், ரோமம் கத்தரிக்கும் பழைய கொட்டகையில், ஒரு ஃபிடில் கோஷ்டி மறுநாள் மாலை வாசிக்கப்போகிறது என்று. அப்படியே காரைத் திருப்பிவிட்டாள். மாற்று உடை கிடையாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பெருமையாக வேறு சொன்னாள். இந்த மாதிரி ஆட்களை வருடத்துக்கு நூறு பேர் பார்க்கிறேன். ஒரு வயலின் அழுவதைக் கேட்க எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சமையலறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதே வயலின் அங்கேயும் அழும். கேட்டால், நேரில் கேட்பது வேறு என்பார்கள். வேறுதான். ஈ அதிகம்.

வில்காராவில் பெட்ரோல் பங்க்கையும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கடையையும் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். கவுன்டரில் ஒரு பயணப் புத்தகம் வைத்திருக்கிறேன். மண் சாலையில் போகிறவர்கள் பெயர், வழி, போய்ச் சேரும் நேரம் எல்லாம் எழுத வேண்டும். வழியில் செல்போன் எடுக்காது, சேர்ந்ததும் எனக்கு போன் செய்ய வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பார்ப்பேன். பிறகு பண்ணைக்குக் கூப்பிடுவேன், அடுத்து உங்களை. வழியில் வண்டி நின்றால் அதை விட்டு நகரக் கூடாது, ஆள் வரும். சட்டம் எதுவும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். ஓர் உயிர் போனதில்லை.

அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. இதுல என்ன எழுதணும்?"

"எதுக்குப் போறீங்கன்னு."

"பாட்டு கேக்க. இது போதுமா, இல்ல அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமா, ஹெட்மாஸ்டர்?"

பன்னிரண்டு வருடமாக என் கடையில் சமைக்கும் டாட்டி சிரித்தாள். லாரி ஓட்டுகிற கோல்மனுக்குக் காபி புரையேறியது. "க்ளைவ், உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குப்பா அந்தப் பேரு" என்றான். நானும் புன்னகைத்தேன். வியாபாரம் செய்கிறவன் புன்னகைக்க வேண்டும்.

"எந்த வழி சீக்கிரம்?" என்று கேட்டாள்.

"பழைய ஆழ்கிணறுகளை ஒட்டி ஒரு பாதை போகுது. அறுபது கிலோமீட்டர் கொறையும். ஆனா இந்தக் குட்டிக் கார்ல போகாதீங்க. ஓடையில மணல்."

"கச்சேரி அஞ்சு மணிக்கு, க்ளைவ். மணல்கிட்ட நான் பேசிக்கறேன்."

கிணற்றுப் பாதை, நாலு மணி என்று எழுதினாள். நான் எச்சரித்தேன். டாட்டி சாட்சி.

நாலு மணிக்கு போன் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. நான் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தேகாலுக்கு டாட்டி ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்தப் பொண்ணு போய்ச் சேந்துட்டாளா?"

"நாலு மணிக்கே போன் பண்ணிட்டா."

"அப்பாடா. எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்நேரம் எவன் காலையாவது மிதிச்சு ஆடிக்கிட்டிருப்பா."

அது நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஓர் இரவு காரில் படுக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவளிடம் எட்டு பாட்டில் தண்ணீர் இருந்தது, நான்தான் விற்றேன். புத்தகம் எதற்கு என்று ஒரே இரவில் புரிந்துபோகும். சொன்னால் சிரிக்கிறவர்களுக்கு வேறு என்ன வழி?

அவள் வேலைக்கு வரவில்லை என்று பல் டாக்டர் செவ்வாய்க்கிழமை புகார் கொடுத்தார். புதன்கிழமை நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். பண்ணையிலிருந்து போன் செய்தாள், திரும்பும்போது பெரிய சாலையில் வருவதாகச் சொன்னாள் என்றேன். கச்சேரிக்கு வந்த முந்நூறு பேர் கூட்டத்தில், தனியாக வந்த ஒருத்தி இருந்தாளா இல்லையா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு ஹெலிகாப்டர், பதினாலு வண்டி, ஐந்து நாள், எல்லாம் பெரிய சாலையில். டாட்டி தினமும் உங்களுக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். கடைசியில் ஆடு தேடிப் போன ஒருவர்தான் ஓடையில் காரைப் பார்த்தார். பண்ணையிலிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை என்று கண்டுபிடிக்க உங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதையும் குறையாகச் சொல்லவில்லை.

அவள் செவ்வாய்க்கிழமையே இறந்துவிட்டாள் என்கிறார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். புதன்கிழமை நான் சொன்ன பொய்யால் உயிர் போகவில்லை, சனிக்கிழமை நடந்தது வெறும் கவனக்குறைவு, அதோடு நிறுத்திக்கொள் என்கிறார் என் வக்கீல். நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ரசீது எனக்கு உறுத்துகிறது.

என் கடை ரசீதின் பின்பக்கத்தில் அவள் எழுதிவைத்ததை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். 'ஞாயிறு. க்ளைவ் வந்தார். என்னைப் பார்த்தார். டிராக்டர் கொண்டுவரத்தான் போயிருப்பார். காரை விட்டு நகரக் கூடாது.' வெயிலில் மூளை கலங்கி, இல்லாததைக் கண்டிருக்கிறாள் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். ரோவெனா ஃபிட்ச்சைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்காகச் செத்தவளைப் புத்தி பேதலித்தவள் என்று எழுதிவைப்பது நியாயமில்லை. அவள் தெளிவாகத்தான் இருந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தண்ணீர் பம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டாட்டியிடம் சொல்லிவிட்டு பிக்கப்பில் கிளம்பினேன். வண்டியை இழுக்கிற சங்கிலியை ஏற்றிக்கொண்டேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்றாவது கிலோமீட்டரில் ஓடை. கார் அச்சுவரை மணலில் இறங்கியிருந்தது. அவள் காரின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கத்துக் கரையிலேயே நிறுத்தினேன், இறங்கவில்லை. அவள் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"நீங்க ஒரு ராத்திரி லேட், க்ளைவ். கடைக்கு வந்து உங்க புத்தகத்துல அதை நானே எழுதறேன்."

எழுதியிருப்பாள். டாட்டியும் கோல்மனும் பார்க்க, கவுன்டரில் நின்று, ரோலைக் கடித்துக்கொண்டே எழுதியிருப்பாள். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை.

வண்டியைத் திருப்பினேன். வளைத்துக்கொண்டு பின்பக்கமாக வருவேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். காருக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, சங்கிலி மாட்டத் தோதாக மணலைக் கையால் ஒதுக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் பக்கத்தில் சாலையில் யாரைக் கடந்துபோனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவோம். நானும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். மரியாதையில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை, சார்ஜென்ட்.