நீல டிரம்மிலிருந்து அறுபது லிட்டர்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு பேச்சு உண்டு, டாக்டர். என் மனைவியின் பொறுமை மீன்களோடு சரி, எனக்கு ஒரு சொட்டுகூட மிஞ்சாது. பதினாறு வருடம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், ஒரு நாளும் கை தவறியதில்லை. அப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தினமும் பரீட்சைதான்.

அவளுடைய மறதியை முதலில் எப்போது கவனித்தேன் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், முதல் மறதி என்னுடையது.

எங்கள் கூடத்தில் இருநூறு லிட்டர் தொட்டி. உள்ளே பவளங்கள், இரண்டு மீன்கள், நத்தைகள், ஒரு இறால். பின்பக்கம் இரண்டு டிரம். வெள்ளையில் உப்பு கலந்த தண்ணீர், நீலத்தில் வெறும் நல்ல தண்ணீர். ஒரு வியாழக்கிழமை அவள் கடையிலிருந்து போன் செய்து, தொட்டியில் அறுபது லிட்டரை எடுத்துவிட்டு வெள்ளை டிரம்மிலிருந்து ஊற்றச் சொன்னாள். டிவியில் மேட்ச் சூடுபிடித்திருந்தது. நான் பாட்டுக்கு நீலத்திலிருந்து ஊற்றிவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது பவளங்கள் சுருங்கிக் கிடந்தன, நத்தைகள் மல்லாந்திருந்தன. "எந்த டிரம்முலேருந்து ஊத்தினீங்க?" என்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்ததும் வாய் தானாகவே, "நீலம். நீதானே நீலம்னு சொன்ன?" என்றது.

சண்டைக்குத் தயாராக நின்றேன். வரவில்லை. "நானா சொன்னேன்?" என்று கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, "கூடவே இருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அடுத்த பத்து நாட்கள் இருந்ததுபோல் எங்கள் வீடு என்றுமே இருந்ததில்லை. போன உப்பை ஒரே மூச்சில் திரும்பக் கொடுத்தால் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடுமாம். தினம் இருநூறு கிராம் உப்பைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். "மெதுவா மாத்தினா அதுங்களுக்கே தெரியாதுங்க" என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் அளவு பார்த்துச் சொல்வேன், அவள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வாள். இறால் போய்விட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. பவளம் விரிந்த அன்று என் தோளில் சாய்ந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தொட்டி தேறியதும் அவளும் தேறிவிட்டாள், மறுபடி பரீட்சை தொடங்கியது. அதனால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கிடையாது. மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவள் பூட்டிய கதவைத் திறந்துவைத்து, "பூட்டாமலே வந்துட்டியே" என்றேன். சொன்னதைச் சொல்லவில்லை என்பேன், சொல்லாததைச் சொன்னாய் என்பேன். குரலை உயர்த்தியதே இல்லை.

கடையில் ஒரே மாத்திரை அட்டையை ஐந்து தடவை பார்க்க ஆரம்பித்தாள். மருந்து மாறி யாராவது செத்துவிடுவார்களோ என்று பயந்து வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம், "நான் சாப்பிட்டேனாங்க?" என்று என்னைக் கேட்டுத்தான் தட்டையே எடுக்கிறாள்.

ஸ்கேனில் ஒன்றுமே இல்லையே என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். ஒன்றும் இல்லைதான். நல்லாயிருக்கும் தலைக்கு மாத்திரை எழுதிவிடுவீர்களே என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். அந்த அளவுக்கு மனசாட்சி உள்ளவன் நான்.

அவளிடமும் மறைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாப் பழியையும் உங்க தலைமேல போட்டுக்கறீங்களே" என்றாள்.

அதற்குமேல் வாதாடி அவளைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை, டாக்டர்.