கீழே மட்டும் ஏன் இவ்வளவு பூ

உங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் குழுப் படத்துக்கு பார்டர் போட்டவர் யாரென்று தெரியவில்லை, மேடம். இடது ஓரத்தில் நிற்பவரின் பாதித் தோளைத் தங்கக் கோடு தின்றுவிட்டது. ஃபைல் கிடைத்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நடந்ததை மட்டும் எழுது என்றுதான் சொன்னீர்கள். ஆனால் நேற்றிலிருந்து அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதிவிட்டேன், இனி நடந்ததற்கு வருகிறேன்.

இருபத்தாறு வருடமாகப் படங்களுக்கு டிஜிட்டல் ஃப்ரேம் செய்கிறேன். முதலில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில், பிறகு வீட்டிலிருந்தே மூன்று ஸ்டூடியோக்களுக்கு. பார்டரம்மா என்றுதான் அவர்கள் கூப்பிடுவார்கள். நடுவில் முகத்துக்கு ஓர் ஓட்டை விட்டு, சுற்றிலும் பூ, கொடி, பட்டாம்பூச்சி, தங்கக் கோடு என்று வரைந்து வைப்பேன். ஒவ்வொன்றும் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தனி லேயர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், படம் எல்லாவற்றுக்கும் அடியில் படுத்திருக்கும்.

ஃப்ரேம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது அழகு இல்லை. "தாத்தா மூக்குல குழாய் இருக்கு, தெரியாம ஒரு கொடி ஓட்டிவிடுங்கம்மா" என்பார்கள். "இந்த மாப்பிள்ளை இப்ப நம்ம வீட்டுல இல்ல, அவர் மூஞ்சி மேல ஒரு பூங்கொத்து வச்சிருங்க" என்பார்கள். வைப்பேன். வேறு ஆளாக இருந்தால் மாப்பிள்ளையையே அழித்துவிட்டு அங்கே சுவரை ஒட்டிவிடுவார். நான் அப்படிச் செய்வதில்லை. பூவுக்கு அடியில் மாப்பிள்ளை முழுசாக, சிரித்தபடிதான் இருப்பார். இதுவரை நான் யாரையும் அழித்ததில்லை, மறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்கா என்னோடு வந்து சேர்ந்து பன்னிரண்டு வருடம். அத்தான் போன பிறகு, ஒரே மகளும் வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிறகு, ஒரு பெட்டியோடு வந்தாள். எனக்குக் கல்யாணம், குழந்தை என்று எதுவும் இல்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவள் பின்னால் நாற்காலி போட்டுக்கொள்வாள். காய் நறுக்கியபடியே திரையைப் பார்ப்பாள்.

"ஏண்டி, இது பொறந்தநாள் படமா, பூக்கடை விளம்பரமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"குழந்தை எங்கேன்னு தேட வேண்டியிருக்குடி. ரெண்டு பூவைத் தூக்கு."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பூவைத் தூக்குவேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்பதோடு சரி, பார்ப்பதில்லை. பதினோரு வருடம் என் வேலையைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

மகள் மாசமாக இருந்தபோது போன் வந்தது. "சித்தி, அம்மாவை இங்கேயே கூட்டிக்கிறேன். பேப்பர் எல்லாம் ரெடி." அன்று சாயங்காலத்துக்குள் அக்காவின் பெட்டி நிறைந்துவிட்டது. பதினோரு வருடத்தை இரண்டு மணி நேரத்தில் அடுக்கிவிட்டாள். "நான் போயிட்டா நீ என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள். துணி மடிப்பைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பெட்டியை மூடிப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். அதில் என் கை இல்லை. தரை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன், துடைக்கவில்லை. கணுக்கால் சுளுக்குக்கு டாக்டர் மூன்று வாரம் ஓய்வு சொன்னார். மகளிடம் நான் மூன்று மாதம் என்றேன்.

கவனித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அவள் கட்டிலை என் வேலை அறைக்குக் கொண்டுவந்தேன். திரையில் வெயில் விழுந்தால் நிறம் தப்பாகத் தெரியும். அதனால் அந்த ஜன்னலுக்கு எப்போதும் கறுப்புத் துணிதான். நான் கடைக்குப் போகும்போது மட்டும் வெளியே பூட்டுவேன். கால் சரியில்லாதவள் எழுந்து நடந்து மறுபடி விழக் கூடாது, இல்லையா? டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை, அவர் நிறுத்தச் சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் போன் பேசினால் நாக்கு குழறும். பக்கவாதம் என்று மகளே முடிவு செய்துகொண்டாள். அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான்காவது மாதம் ஒருநாள் பூட்ட மறந்துவிட்டேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரைக்கும் போய்விட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம், "எம் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குடு, என்னை அடைச்சு வச்சிருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். தையல்காரம்மா நல்ல மாதிரி. நேராக என்னிடமே வந்து கேட்டார்.

"வயசாச்சுங்க, என்னென்னவோ பேசுறா" என்றேன்.

"எங்க மாமியாரும் கடைசியில இப்படித்தான்" என்றார்.

அப்போதே அவரிடம் ஒரு வேலையும் கொடுத்தேன். இரண்டு விரல் அகலத்தில், உள்ளே பஞ்சு வைத்து, மெத்தென்று ஒரு பட்டை.

"எதுக்குங்க?"

"அக்கா கைக்கு."

"பாவம், வலிக்குதா?"

"வலிக்கக் கூடாதுன்னுதான்."

நல்ல தையல். பத்து மாதத்தில் ஒரு இடம்கூடப் பிரியவில்லை. வலது கையை மட்டும்தான் கட்டில் கம்பியோடு கட்டினேன். இடது கை அவள் சாப்பிட, முகம் துடைக்க. நான் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் அதையும் சேர்த்து.

மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதால் அவளால் வர முடியவில்லை. மாதம் ஒரு படமாவது அனுப்புங்கள் என்றாள். முதல் தடவை படம் எடுக்க அக்காவின் கையை அவிழ்த்தேன். போனைப் பிடுங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவிழ்க்காமலே எடுத்தேன். மாத்திரை போட்டால் முகம் சாந்தமாக இருக்கும், தலை சீவிவிட்டால் போதும். கை இருக்கும் கீழ்ப் பக்கத்துக்குப் பூ வைத்தேன். ஒரு மாதம் செவ்வந்தி, ஒரு மாதம் ரோஜா, ஒரு மாதம் பெயர் தெரியாத நீலப் பூ.

"சித்தி, ரொம்ப அழகா இருக்கு. ஆனா கீழே மட்டும் ஏன் இவ்வளவு பூ?"

"இப்ப அதுதாம்மா ஃபேஷன்."

ஒவ்வொரு ஃப்ரேமையும் அனுப்புவதற்கு முன்னால் திரையை அக்கா பக்கம் திருப்பிக் காட்டுவேன். முதலில் "அவுத்து விடுடி" என்பாள், கெஞ்சுவாள், திட்டுவாள், மகள் பெயரைச் சொல்லி அழுவாள். நான் பூவின் நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அழுகை நின்றதும் பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். ஒருநாள், பழைய குரலிலேயே, "அந்த ரோஜாவை எடுத்துட்டா நான் எப்படியிருக்கேன்னு என் பொண்ணு பார்ப்பா" என்றாள். அது ஃப்ரேமைப் பற்றி அவள் சொன்ன கடைசி வார்த்தை. அதன்பிறகு எதைக் காட்டினாலும் பேசவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அறையில் நான் மவுஸைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நானும் வெளியே போகவில்லை, மேடம். அடைபட்டுக் கிடந்தது அவள் மட்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

போன மாதம் பேத்தியின் முதல் பிறந்தநாள். மண்டபத்தில் வைக்க அம்மம்மாவின் படம் ஆளுயரத்துக்கு வேண்டும் என்று மகள் கேட்டாள். அதற்காகப் பதினாறு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு லேயர், ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு லேயர். அதைவிட நல்ல ஃப்ரேமை நான் செய்ததில்லை. அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லா லேயரையும் ஒன்றாக இறுக்கி, ஒரே படமாக்கித்தான் வெளியே கொடுப்போம். லேயர் பிரிந்திருக்கும் ஃபைலைக் கூடப் பிறந்தவர்களுக்கும் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் ஃப்ரேமைத் திருடிவிடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நான் லேயர் ஃபைலை அனுப்பினேன். மறந்துபோய் அனுப்பியதா, வேண்டுமென்றே மாட்டிக்கொள்ள அனுப்பியதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இரண்டும் இல்லை. யாராவது ஒருவர் அதைப் பிரித்து, ஒவ்வொரு இதழாகப் பார்த்து, நல்ல வேலை என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. அடியில் என்ன படுத்திருக்கிறது என்பது அந்த நிமிடம் என் ஞாபகத்திலேயே இல்லை.

அங்கே பிரிண்ட் போடுகிறவர் பலகை அளவுக்குப் பொருந்தவில்லை என்று பூ லேயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு மகளுக்குப் போன் செய்து, "கீழே பாட்டியோட கை கட்டியிருக்கே, இப்படியே பிரிண்ட் போட்டுடலாமா?" என்று கேட்டாராம். மகள் அனுப்பிய புகாரில் இருந்த அதை நீங்கள் படித்துக் காட்டியபோது நான் ஒன்றுதான் கேட்டேன், ஃப்ரேமைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று. நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்கள்.

என் அக்காவைப் பதினான்கு மாதம் அந்த அறையில் பூட்டி வைத்தது நான்தான். அதில் பத்து மாதம் கட்டி வைத்ததும் நான்தான். மாத்திரை கொடுத்ததும் நான். வேறு யாருக்கும் தெரியாது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஆனால் கையெழுத்துக்கு நீங்கள் டைப் செய்து வைத்திருக்கும் தாளில் அவள் விருப்பத்துக்கு மாறாக என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிட வேண்டும். நீங்களே அங்கே இருந்தீர்கள். உங்கள் ஆள் பட்டையை அறுத்து எடுத்த பிறகும் அக்கா வலது கையை அந்தக் கம்பி மேலேயேதான் வைத்திருந்தாள். வாங்கம்மா, போகலாம் என்று நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. போக வேண்டும் என்று நினைத்தவள் கையை அங்கேயா வைத்திருப்பாள்?