தமிழாக்கம்: அபுல் ஹசன்

வெளியாளிடம் வேலை கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, கூடவே நின்று தொணதொணப்பது. நான் அதைச் செய்ததே கிடையாது. முதுநகரில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒற்றை அறைதான் என் ஆபீஸ். கம்பெனிகளுக்கு நோட்டீஸ், காலண்டர் எல்லாம் செய்து கொடுப்பேன். சம்பளத்துக்கு ஆள் வைத்ததில்லை. படம் போட ஒருவர், எழுத ஒருவர், அவரவர் வீட்டில் செய்து கொண்டுவருவார்கள். என்ன வேண்டும், என்றைக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அப்புறம் நம்பிவிட வேண்டும். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அபுல் ஹசன் சிதம்பரத்துக்காரர். காலேஜ் மாணவர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைத்தார். இங்கிலீஷைத் தமிழ் பண்ணுவதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. சொன்ன நாளில் பாசஞ்சரில் வந்து இறங்கிவிடுவார். எழுதுகிற எதிலும் தன் பேர் வருவதில்லை என்று மட்டும் அவருக்கு ஒரு குறை.

"ஒரு தடவ நம்ம பேரப் போடுங்க சார். புள்ளைங்க பாக்கட்டும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அறுபத்தாறில் ஒரு கம்பெனி விதை மருந்து கொண்டுவந்தது. விதைப்பதற்கு முன் மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், கலக்கிற தூள்; விதை அழுகாது. இங்கிலீஷ் நோட்டீஸின் அடியில், கலந்த விதை தின்பதற்கல்ல என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அபுல் ஹசன் அதைத் தூக்கி உச்சியில் போட்டு, கூடவும் எழுதியிருந்தார். விதை போடும் பெண்கள் இதை வாயில் போடக் கூடாது. மிச்சத்தை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கழுவினாலும் விஷம் போகாது.

"ஜாஸ்தியா இருக்கே பாய்" என்றேன்.

"நம்ம பக்கத்துப் பொம்பளைங்க ரெண்டு மென்னுக்கிட்டேதான் சார் வெத போடுவாங்க. மிச்சம் மடியிலதான் போவும். அது கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

சரிதான். நானும் இந்த மண்ணில் பிறந்தவன், எனக்கும் தெரியும். ஆனால் ஸ்ரீமுஷ்ணத்து உரக்கடைக்காரர் கலியமூர்த்தி புரூஃபைப் பார்த்துவிட்டு, "வெஷம்னு போட்டா எவன் சார் வாங்குவான்?" என்று கேட்டார். ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. விற்றால்தான் கம்பெனி அடுத்த வேலையை எனக்குத் தரும். அந்த நாலு வரியையும் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். அபுல் ஹசனிடம் சொல்லவில்லை. அச்சில் அடிப்பக்கம் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது. அங்கே அவர் பேரைப் போட்டேன்.

ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருசம்மாள் என்கிற கூலிக்காரி மிச்ச விதையைக் கழுவி அவித்தாள். அவளும் மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

போலீஸ்காரர்கள் இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலீஷில் இருந்த வரி தமிழில் இல்லை. தன் பேரை அச்சில் அபுல் ஹசன் முதன்முதலாகப் பார்த்தது ஸ்டேஷனில்தான். அவருடைய கைப்பிரதியைக் கேட்டார்கள். அச்சானதும் எரித்துவிடுவது என் வழக்கம் என்றேன். உண்மையில் அதை எரித்தது அவர்கள் வருவதற்கு முந்தின நாள்.

அவர் மனைவி சர்புன்னிசா ஆபீசுக்கு வந்தார். "அவுங்க எழுதுனத எனக்குப் படிச்சே காட்டுனாங்கண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னா உட்டுடுவாங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

கோர்ட்டில் நோட்டீஸைக் கையில் கொடுத்து, இந்தத் தமிழ் யாருடையது என்று கேட்டார்கள். ஒவ்வொரு வரியும் அபுல் ஹசன் எழுதியது என்றேன். அதில் பொய் கிடையாது. இரண்டு வருஷம் போட்டார்கள்.

மறு வருஷம் கம்பெனி இன்னொரு விதை மருந்துக்கு நோட்டீஸ் கேட்டது. புது ஆளைத் தேடி அலைவதைவிடத் தெரிந்த ஆளே மேல் என்று, மனுப் போட்டுக் கேப்பர் மலை ஜெயிலுக்கே இங்கிலீஷ் தாளைக் கொண்டுபோனேன். கூலியைச் சர்புன்னிசாவிடம் சேர்த்துவிடுவேன் என்றேன். அபுல் ஹசன் தாளை வாங்கிப் படித்தார்.

அடுத்த தடவை போனபோது எழுதி வைத்திருந்தார். உச்சியில் அதே நாலு வரி.

"இத மட்டும் அடிச்சிடாதீங்க சார்" என்றார். "எம் பேரு வாணாம்."

வேலையில் ஒரு குறையும் இல்லை. சொன்னபடி பேரைப் போடவில்லை. அந்த நாலு வரியை இந்தத் தடவையும் அடித்தேன். அந்த நோட்டீஸ்தான் இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. இந்த முறை எத்தனை பேர் போனார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் செய்தது ஒரே தப்புத்தான். அடியைக் காலியாக விடாமல் வேறு ஒரு பேரைத் தேடிப் போட்டிருக்க வேண்டும்.